திறப்பு பொருந்தினால் போதுமா?



இந்த மாத உரையை ஒரு கடனை அடைப்பதற்காக எழுதுகிறேன். கடன் பழையது. 2020 மார்ச் மாதக் கடைசியில் பட்டது.

மெல்பேர்ணில் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கத் தொடங்கியிருந்த நேரம் அது. அந்த வாரம் செய்தித் தொகுப்பு வாசிப்பது என் முறை. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் இருந்த 'சமிட்' என்ற கணனி, அன்று உலகிலேயே வேகமான கணனி, 8,000 இரசாயனப் பொருட்களை ஆராய்ந்து, கொரோனா வைரஸ் மனித உடலின் கலங்களுக்குள் நுழைவதைத் தடுக்கக்கூடும் என்று 77 பொருட்களைத் தெரிந்தெடுத்திருக்கிறது என வாசித்தேன். நல்ல செய்தி எதுவும் அகப்படாத வாரம். குரலில் கொஞ்சம் உற்சாகத்தையும் சேர்த்துத்தான் வாசித்திருப்பேன்.

நிகழ்ச்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு. நீண்ட காலமாக எங்கள் ஒலிபரப்பைக் கேட்டுவரும் ஒரு அக்கா. அவருடைய கணவருக்கு நெஞ்சு வருத்தம். "தம்பி, அந்த எழுபத்தேழில ஒரு மருந்தின்ர பேரையாவது சொல்லும். பாமசியில கேட்டு வாங்கி வைக்கிறன்" என்றார். என்னிடம் பெயர் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது என்பதுகூட அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியாது. "இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு அக்கா" என்று சமாளித்துவிட்டேன்.

சில வாரங்களில் அவர் மறுபடியும் அழைத்தார். தமிழ்நாட்டு அரசு கபசுரக் குடிநீரை மக்களுக்கு வழங்கிக்கொண்டிருந்த சமயம். அந்தக் குடிநீரின் மூலிகைகளில் உள்ள சில பொருட்கள் கொரோனா வைரஸின் முள்ளுப் புரதத்தில் பொருந்துகின்றன என்று கணனி ஆய்வு ஒன்று வந்திருந்தது. அது கைத்தொலைபேசிகளில் ஊர் சுற்றி வரும்போது "கணனி உறுதி செய்துவிட்டது" என்று மாறியிருந்தது. அதை வானொலியில் வாசிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். "வெள்ளைக்காரன்ர கணனி சொன்னா வாசிப்பீர். எங்கட மருந்தைப் பற்றி அதே மாதிரிக் கணனி சொன்னா வாசிக்க மாட்டீரோ?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் வணிகத்துறையில் பட்டம் பெற்ற கணக்காளன். விஞ்ஞானம் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. அதன் பிறகு கிடைத்த நேரங்களில் இந்த விஷயத்தைத் தேடிப் படித்துவந்தேன். படித்ததில் எனக்கு விளங்கியதை அந்த அக்காவுக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், வைரஸ் நுழைவது என்றால் என்ன? வைரஸ் தானாகப் பெருகாது. நம் உடற்கலம் ஒன்றுக்குள் போய், அங்குள்ள தளபாடங்களைக் கொண்டுதான் தன்னைப் பிரதி எடுக்கும். கலத்தின் வெளிப்புறத்தில், அதன் சொந்த வேலைகளுக்காகப் பல புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றோடு பொருந்தும் பகுதி வைரஸின் மேற்பரப்பில் இருந்துவிட்டால் கதவு திறந்துவிடும். நம்முடைய புரதம் பூட்டு. வைரஸிடம் இருப்பது கள்ளத் திறப்பு. தடிமனைத் தரும் ரைனோ வைரஸ்கள் பலவற்றுக்கு ஐகாம்-1 என்ற புரதம் பூட்டு. எயிட்ஸ் நோயின் எச்.ஐ.வி.க்கு சிடி4. கொரோனாவுக்கு ஏசிஇ2.

கள்ளன் வீட்டுக்குள் வந்தபின் துரத்துவதைவிட வாசலில் மறிப்பது மேல். திறப்பின் பல்லிடுக்கில் ஒரு சிறு பொருள் சிக்கிக்கொண்டால் அது பூட்டுக்குள் போகாது. எந்தப் பொருள் அந்த இடுக்கில் கச்சிதமாக உட்காரும் என்று தேடும் வேலையைத்தான் கணனியிடம் கொடுக்கிறார்கள்.

தேடுவதற்கு முதலில் இடுக்கின் வடிவம் தெரிய வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அந்த மாலை எப்படி வளையலாம், எப்படி வளைய முடியாது என்பதற்கு 1963 இல் ஒரு வரையறை கண்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்ற மூவர். மாலையின் ஒவ்வொரு மணியிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு. சில கோணச் சோடிகளில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும், அவை ஆகாதவை. ஆகும் இடங்களையும் ஆகாத இடங்களையும் ஒரே கட்டத்துக்குள் வரைந்து காட்டினார்கள். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று அதற்குப் பெயர். புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டவர்கள் இன்றைக்கும் அதை அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். நாங்கள் பரீட்சை மீதி போட்டு இரண்டு பக்கமும் சமப்படுகிறதா என்று பார்ப்பது போன்ற வேலை. மேசைக்கு மேசை கணனி இல்லாத காலத்தில் செய்யப்பட்டது.

ஒரு புரதத்தின் வடிவத்தைக் காண்பதே சிரமம். ஒரு முழு வைரஸின் வடிவத்தைக் காண்பது அதைவிடப் பெரிய காரியம். அதில் இறங்கியவர்களில் ஒருவர் மைக்கல் ரொஸ்மன். 1930 இல் ஜேர்மனியில் பிறந்து, 1939 இல் சிறுவனாக இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்தவர். 1964 முதல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்தார். தடிமன் வைரஸ்களில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் 14ஆம் இலக்க வகையை அவருடைய குழுவினர் பளிங்குகளாக்கி, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த சக்திமிக்க எக்ஸ் கதிரில் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் வைரஸ் தெரியாது. ஏராளமான புள்ளிகள்தான் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கறுப்பு என்று அளந்து, அந்த எண்களைக் கணக்கில் போட்டுத்தான் அணுக்கள் இருக்கும் இடத்தைக் கண்டறிய வேண்டும். பேர்டியூவில் இருந்த சைபர் 205 என்ற சுப்பர் கணனி, பழைய கணனிகளில் வருடக்கணக்கில் இழுத்திருக்கக்கூடிய அந்தக் கணக்கைச் சுருக்கிக் கொடுத்தது. 1985 இல் முடிவு நேச்சர் சஞ்சிகையில் வந்தது. மனிதருக்கு நோய் தரும் தடிமன் வைரஸ் ஒன்றை அணு அணுவாகக் கண்டது அதுதான் முதல் தடவை.

கண்டது என்ன? வைரஸின் உறை நான்கு வகைப் புரதங்களால் ஆனது. ஒவ்வொன்றிலும் 60 பிரதிகள். அந்த உறையில் ஆழமான பள்ளங்கள் ஓடின. ரொஸ்மன் அவற்றைப் பள்ளத்தாக்கு என்று அழைத்தார். நமது உடல் தயாரிக்கும் பிறபொருளெதிரிகள் அகலமானவை. பள்ளத்தின் அடிவரை அவற்றால் போக முடியாது என்று அவர் நினைத்தார். ஒடுக்கமான பூட்டுப் புரதத்தால் முடியும். ஆகவே வைரஸ் தன் திறப்பை அந்தப் பள்ளத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறது என்று அவர் கருதினார். 1989 இல் ஐகாம்-1 தான் அந்தப் பூட்டு என்று அடையாளம் காணப்பட்டது. அது பள்ளத்துக்குள்தான் இறங்கிப் பொருந்துகிறது என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

இதே காலத்தில் நியூயோர்க் மாநிலத்தில் ஸ்டேர்லிங்-வின்த்ரொப் என்ற மருந்துக் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் சில பொருட்கள் கையில் இருந்தன. கண்ணாடிக் குடுவையில் வளர்த்த கலங்களில் அவை தடிமன் வைரஸை அடக்கின. அவை வைரஸின் எந்த இடத்தைப் பிடிக்கின்றன என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. 1986 இல் இரண்டு தரப்பும் சேர்ந்து பார்த்தபோது விடை கிடைத்தது. பள்ளத்தாக்கின் தரைக்குக் கீழே ஒரு சிறு பொந்து இருக்கிறது. மருந்து அதற்குள் புகுந்து படுத்துக்கொள்கிறது. அதனால் உறை விறைத்துப்போய், உள்ளே இருக்கும் மரபுப்பொருளை வெளியே விட மாட்டாமல் நிற்கிறது. சில வகை வைரஸ்களில் பள்ளத்தின் தரையே மேலெழும்பி, பூட்டோடு பொருந்துவதும் தடைப்படுகிறது.

மருந்து ஆராய்ச்சியில் இது பெரிய திருப்பம். அதுவரை நூறு திறப்பை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். இனிமேல் பொந்தின் படத்தைக் கணனித் திரையில் விரித்து வைத்து, இந்த மூலையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது, அந்த மூலையில் எண்ணெய்த் தன்மையுள்ள துண்டு ஒன்று ஒட்டும் என்று பார்த்துப் பார்த்துப் பொருளை வரையலாம். இந்தப் பொருத்தத்தைக் கணனி தானாகவே தேடும் 'டொக்' என்ற மென்பொருளைக் கலிபோர்னியாவில் ஏர்வின் குன்ட்ஸ் குழுவினர் 1982 இலேயே வெளியிட்டிருந்தார்கள். கணனியால் மருந்து செய்யும் காலம் பிறந்துவிட்டது, தடிமனுக்கு மருந்து வந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கும் பரவியது.

இனித்தான் நான் கவனமாகப் படித்த பகுதி வருகிறது.

முதல் மருந்து டிசொக்சரில். பொந்தில் அருமையாகப் பொருந்தியது. ஆரோக்கியமான தொண்டர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் பளிங்குகள் தோன்றின. கைவிட்டார்கள். அடுத்தது வின் 54954 என்று இலக்கம் மட்டும் பெற்ற பொருள். குடுவையில் அது பல வகைத் தடிமன் வைரஸ்களை அடக்கியது. மனிதருக்குக் கொடுத்தபோது வேறொரு வைரஸில் பலன் தெரிந்தது; தடிமன் வைரஸில் பலன் இல்லை. தோல் சிவத்தல், கடி போன்ற தொல்லைகளும் வந்தன. மூன்றாவது பிளெகோனரில். முந்தியவற்றை உடல் விரைவாக உடைத்துவிடுகிறது என்று கண்டு, உடைபடும் முனையில் புளோரின் சேர்த்து உறுதியாக்கிய பொருள். இதற்கிடையில் கொம்பனி கைமாறிவிட்டது. மருந்தின் உரிமை வீரோபார்மா என்ற புதிய கொம்பனியிடம் போயிற்று.

பிளெகோனரிலை ஏறக்குறைய 2,100 தடிமன் நோயாளிகளில் சோதித்தார்கள். பலன் இருந்தது. 7.3 நாட்களில் மாறுகிற தடிமன் 6.3 நாட்களில் மாறியது. ஒரு நாள் மிச்சம். ஆனால் அந்த மருந்து ஈரலில் இன்னொரு வேலையும் செய்தது. மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்களை அது தூண்டிவிட்டது. அதனால் கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு அந்த மாத்திரையின் பலம் குறையக்கூடும் என்ற கவலை எழுந்தது. 2002 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடியது. வாக்கு 15க்கு 0. ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. தானாக மாறுகிற வருத்தத்தில் ஒரு நாள் மிச்சம் பிடிப்பதற்கு இவ்வளவு ஆபத்து வேண்டாம் என்பதே அதன் சாரம்.

1985 இல் படம் கிடைத்தது. 2002 இல் கதவு மூடியது. பதினேழு வருடம். இதில் கணனி எங்கே பிழை விட்டது? எங்கும் இல்லை. பொருந்தும் என்று சொன்னது; பொருந்தியது. சிறுநீரகம் என்ன செய்யும், ஈரல் என்ன செய்யும், மூக்குச் சவ்வுக்கு மருந்து எவ்வளவு போய்ச் சேரும் என்பவற்றை ஒருவரும் கணனியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கு விடை தெரிந்திராது.

படித்துக்கொண்டு போகும்போது இந்த இடத்தில்தான் இது எனக்கு நன்கு பழகிய விஷயம் என்று பட்டது. ஒரு வியாபாரம் தொடங்க வருகிறவர் என்னிடம் பாதீடு ஒன்றைக் கொண்டுவருவார். இத்தனை விற்கும், இத்தனை செலவு, இத்தனை இலாபம் என்று எல்லாம் அழகாகக் கூட்டிக் கழித்திருப்பார். கூட்டலில் பிழை இராது. பாதீடு இல்லாமல் கடை திறக்கவும் கூடாது. ஆனால் வருட முடிவில் கணக்காய்வு செய்த கணக்கு என்று ஒன்று உண்டு. வங்கி அதைத்தான் கேட்கும், வரித் திணைக்களமும் அதைத்தான் கேட்கும். கணனியில் கண்ட பொருத்தம் பாதீடு. குடுவை, எலி, பிறகு மனித உடல் என்று படிப்படியாகச் செய்யும் சோதனைகள் கணக்காய்வு. பாதீட்டை வாசித்துவிட்டு இலாபம் வந்துவிட்டது என்று அறிவிக்கிற கணக்காளனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? 2020 மார்ச்சில் வானொலியில் நான் செய்தது அதுதான்.

இதைச் சொன்னால் கணனியால் பயனே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நாம் வாழும் இந்த மெல்பேர்ணிலேயே அதற்கு நேர்மாறான கதை இருக்கிறது. அது வாசலில் மறிக்கும் மருந்தல்ல, வெளியேறும்போது மறிக்கும் மருந்து.

இன்புளுவென்சா வைரஸ் கலத்துக்குள் பெருகி வெளியே வரும்போது கலத்தின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரையில் ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டிவிட்டுத்தான் அடுத்த கலத்துக்குப் போக முடியும். வெட்டும் கத்தரிக்கோல் நியூராமினிடேஸ் என்ற புரதம். கன்பராவில் கிரேம் லேவர் அந்தப் புரதத்தின் பளிங்குகளை வளர்த்தார். அவற்றைக் கொண்டு பார்க்வில்லில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வுகூடத்தில் இருந்த பீட்டர் கோல்மன், ஜோஸ் வர்கீஸ் ஆகியோர் அதன் வடிவத்தைக் கண்டு 1983 இல் வெளியிட்டார்கள். இன்புளுவென்சா வருடத்துக்கு வருடம் உருமாறுகிறது என்பது தெரிந்ததே. ஆனால் கத்தரிக்கோலின் வாயில் உள்ள அணுக்கள் மட்டும் வகைக்கு வகை மாறாமல் இருந்தன. அதுதான் பிடிக்க வேண்டிய இடம்.

பார்க்வில்லிலேயே மருந்தியல் கல்லூரியில் இருந்த மார்க் வொன் இட்ஸ்டைன் குழுவினர், ஒக்ஸ்போர்டின் பீட்டர் குட்போர்ட் எழுதிய 'கிரிட்' என்ற மென்பொருளை அந்த வாய்க்குள் ஓடவிட்டார்கள். எந்த இடத்தில் எந்த வகை அணுக்கூட்டம் நன்றாக ஒட்டும் என்று அது படம் போட்டுக் காட்டும். ஏற்கெனவே தெரிந்த பலவீனமான பொருள் ஒன்று இருந்தது. அதன் ஒரு மூலையில் உள்ள அணுக்கூட்டத்தை மாற்றினால் பிடி இறுகும் என்று கணனி காட்டியது. மாற்றினார்கள். பிடி ஆயிரக்கணக்கான மடங்கு இறுகியது. 1993 இல் நேச்சரில் வெளிவந்த அந்தப் பொருள்தான் சனமிவிர். ரெலென்சா என்பது வர்த்தகப் பெயர். 1996 இல் கோல்மன், லேவர், வொன் இட்ஸ்டைன் மூவருக்கும் அவுஸ்திரேலியா பரிசு கிடைத்தது.

கணக்காய்வு இங்கும் நடந்தது. 1999 பெப்ரவரியில் அமெரிக்க ஆலோசனைக் குழு இந்த மருந்துக்கு எதிராக 13க்கு 4 என்று வாக்களித்தது. ஆனாலும் ஜூலையில் நிர்வாகம் அனுமதி கொடுத்தது. விழுங்கினால் உடலில் சேராது என்பதால் ரெலென்சாவைத் தூளாக வாயால் உள்ளிழுக்க வேண்டும். சில மாதங்களில், அதே கத்தரிக்கோலைப் பிடிக்கும் டாமிபுளு குளிசையாக வந்தது. சனம் குளிசையைத்தான் விரும்பியது. ரெலென்சாவின் உரிமையாளரான மெல்பேர்ணின் பயோட்டா கொம்பனி, விற்பனை செய்த கிளாக்சோ நிறுவனம் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று 2004 இல் வழக்குப் போட்டது. 2008 இல் 2 கோடி அவுஸ்திரேலிய டொலருக்குச் சமரசம் ஆயிற்று. வேலை செய்யும் மருந்துக்கே இந்தப் பாடு.

சரி, வாசலில் மறிக்கும் மருந்து வந்ததே இல்லையா? வந்தது. 2003 இல் என்புவிர்டைட் என்ற மருந்து எச்.ஐ.வி.க்கு அனுமதி பெற்றது. வைரஸ் கலத்தோடு இணையும்போது சுருள்வில் போல மடியும் பகுதியையே பிரதி செய்து, அந்த மடிப்புக்குள் செருகிவிடும் தந்திரம் அது. நாளுக்கு இரண்டு ஊசி போட வேண்டும். 2007 இல் வந்த மரவிரொக், நம் பக்கத்துப் பூட்டையே மூடி வைக்கும் குளிசை. அது கணனிப் படத்தில் பிறந்ததல்ல; ஆய்வுகூடத்தில் ஏராளமான பொருட்களை ஒவ்வொன்றாகச் சோதித்ததில் கிடைத்த தொடக்கப் பொருளைத் திருத்தித் திருத்திச் செய்தது. பழைய வழியும் சாகவில்லை.

இப்போது அந்த 77க்கு வருவோம். ஓக் ரிட்ஜில் அந்த ஆய்வைச் செய்தவர்கள் ஜெரமி ஸ்மித், மைக்கொலஸ் ஸ்மித் என்ற இருவர். சீனாவிலிருந்து வைரஸின் மரபு வரிசை 2020 ஜனவரியில் வந்திருந்தது. அதையும் பழைய சார்ஸ் வைரஸின் வடிவத்தையும் வைத்துப் புதிய முள்ளுப் புரதத்தின் மாதிரியை அமைத்தார்கள். புரதம் அசையாமல் நிற்பதில்லை என்பதால், அது அசையும் பல நிலைகளையும் கணனியில் ஓடவிட்டு, 8,000 பொருட்களையும் பொருத்திப் பார்த்தார்கள். சாதாரண கணனியில் மாதக்கணக்கில் எடுக்கும் வேலை ஓரிரு நாளில் முடிந்தது. இதனால் மருந்து கண்டுபிடித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை, அடுத்த சோதனைகளுக்கு வழிகாட்டியே என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். அந்த வரியை நான் வாசிக்கவில்லை. நேரம் போதவில்லை என்று ஞாபகம்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, 8,000 பொருட்களில் உண்மையில் வேலை செய்யக்கூடியது இரண்டுதான் என்று வைப்போம். கணனி மகா கெட்டிக்காரன். அந்த இரண்டையும் தப்பவிடாது. வேலை செய்யாதவற்றில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் 'பொருந்தும்' என்று பிழையாகச் சொல்லும். 99 புள்ளி எடுக்கும் பிள்ளை. அப்படியானாலும் பட்டியலில் வருவது 82 பெயர்கள். அவற்றில் 80 பிழையானவை. இது என் உதாரணம்தான், ஆய்வாளர்களின் கணக்கு அல்ல. ஆனால் 8,000இல் 77 என்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு என்பதை யோசித்துப் பாருங்கள். இப்படியொரு பட்டியல் ஆராய்ச்சியாளருக்குப் பெரும் உதவி. 8,000 சோதனை செய்ய வேண்டியவர் 77 செய்தால் போதும். பாமசிக்குப் போகிறவருக்கு அதில் ஒரு உதவியும் இல்லை. அந்த 77இல் இருந்து கொவிட்டுக்கென அனுமதி பெற்ற மருந்து எதுவும் வரவில்லை.

முள்ளுப் புரதத்தை மறித்து உண்மையில் வேலை செய்தவை, தொற்றிலிருந்து மீண்டவர்களின் இரத்தத்தில் கண்ட பிறபொருளெதிரிகளைக் கொண்டு தயாரித்த மருந்துகள். 2020 நவம்பர் முதல் அமெரிக்காவில் அவற்றுக்கு அவசர அனுமதி கிடைத்தது. ஒமிக்ரோன் வந்து முள்ளின் வடிவம் மாறியபோது அவற்றில் பல பலனிழந்தன. திறப்பை மாற்றிக்கொண்டு வருகிற கள்ளனை வாசலில் மறிப்பது அவ்வளவு லேசானதல்ல.

கணனியும் நின்றுவிடவில்லை. சியாட்டிலில் டேவிட் பேக்கர் குழுவினர், முள்ளுப் புரதத்தை இறுகப் பிடிக்கும் சின்னஞ்சிறு புரதங்களை முற்றிலும் கணனியிலேயே வடிவமைத்து 2020 இல் வெளியிட்டார்கள். குடுவையில் அவை வைரஸை நன்றாகவே மறித்தன. புரதங்களை வடிவமைத்ததற்காகப் பேக்கருக்கும், புரத வடிவத்தை முன்கூட்டியே சொல்லும் முறைக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோருக்கும் 2024 இல் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. பாதீடு போடும் திறமை நாளுக்கு நாள் கூடுகிறது. கணக்காய்வு மட்டும் ஒரு நாளும் தள்ளுபடி ஆகவில்லை.

அந்த அக்காவின் கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம்.

அக்கா, நீங்கள் கேட்டது சரி. இரண்டு செய்தியும் ஒரே தராசில் வைக்க வேண்டியவை. நான் ஒன்றை வாசித்து மற்றதை மறுத்தது பிழை. ஆனால் என் பிழை இரண்டாவதை வாசிக்காதது அல்ல. முதலாவதை அப்படி வாசித்தது. கபசுரக் குடிநீர் பதினைந்து சரக்குச் சேர்த்து அவித்தெடுப்பது. கணனி அதிலுள்ள பொருட்களைத் தனித்தனியே எடுத்துப் புரதத்தில் பொருத்திப் பார்த்தது. அவித்த தண்ணீரில் அவை எவ்வளவு இறங்குகின்றன, குடித்தபின் குடல் எவ்வளவை உள்ளே விடுகிறது, ஈரல் எவ்வளவை மிச்சம் வைக்கிறது, கடைசியில் நெஞ்சுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. பிளெகோனரிலுக்கு எது தெரியாமல் இருந்ததோ அதுவே இதற்கும் தெரியாது. குடிநீர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அதைச் சிறிய அளவில் மனிதரில் சோதித்தும் பார்த்தார்கள். ஒரு மருந்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் அப்படியான சோதனைகளை வைத்துத்தான் பேச வேண்டும். நாங்கள் கொத்தமல்லி அவித்துக் குடித்து வளர்ந்த பிள்ளைகள். குடிக்கிறவர் குடிக்கட்டும். அதை நம்பி டொக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் மருந்துச் செய்தி எது கைக்கு வந்தாலும், வாசிக்க முன் தாளின் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதிக்கொள்கிறேன்: எதில் பார்த்தார்கள்? கணனியிலா, குடுவையிலா, எலியிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேர்? விடை செய்திக்குள் இருந்தால் அதையும் சேர்த்து வாசிப்பேன். இல்லையென்றால் அந்தச் செய்தியை அன்றைக்கு விட்டுவிடுவேன். நிகழ்ச்சியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் ஒரு பாட்டுப் போடலாம். நேயர்கள் கோபிக்க மாட்டார்கள்.

கடனை வட்டியோடு அடைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கணக்கில் பிழை இருந்தால் அந்த அக்கா தொலைபேசியில் சொல்லுவார்.